“இதுவும் ஆவியில்தானே அவித்தது!”

கேள்வி: வணக்கம் மிஸ். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 44. இரண்டு மாதத்துக்கு முன் வேலையிடத்தில் எல்லோருக்கும் இரத்தம் சோதித்தபோது, வெறும் வயிற்றில் சீனி 118 என்று வந்தது. கொலஸ்ரோலும் கொஞ்சம் கூட. டொக்டர் மருந்து தரவில்லை, “சாப்பாட்டைப் பாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். நான் மூன்று தட்டு வைத்த மின்சார ஸ்டீமர் ஒன்று வாங்கினேன். பொரியல், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மூன்று கிழமையாக ப்ரோக்கோலி, கரட், மீன், கோழி எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி 25 நிமிடம் அவித்துக் கொடுக்கிறேன். ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. 9 வயது மகள் “ஆஸ்பத்திரிச் சாப்பாடு” என்கிறாள். இவர் இரவில் இடியப்பம் 12 சாப்பிடுகிறார். கேட்டால், “இதுவும் ஆவியில்தானே அவித்தது” என்கிறார். போன கிழமை பார்மசியில் குத்திப் பார்த்தோம், 116. மாமியும் எங்களோடுதான். அவருக்குச் சிறுநீரகம் பலவீனம் என்று கிளினிக் போகிறார், பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் இதே சாப்பாடுதான். நீத்துப்பெட்டியில் புட்டு அவித்துத் தரட்டுமா என்று அவர் கேட்டார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். நான் எங்கே பிழை விடுகிறேன்?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவரின் வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பில் இந்த வாதத்தை நான் கேட்காத கிழமை இல்லை. இடியப்பம் ஆவியில் அவிந்ததுதான், அதில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதுவரைக்கும் அவர் சொல்வது சரி. ஆனால் ஆவி எண்ணெயைத்தான் மிச்சம் பிடித்துத் தரும், மாவைக் குறைத்துத் தராது. உரலுக்குள் போன மா அவ்வளவும் அப்படியே தட்டுக்கு வருகிறது.

சண்டை பிடிக்காமல் இதை அவருக்கு விளங்கப்படுத்த ஒரு வழி இருக்கிறது. 250 கிராம் மாவை நிறுத்தெடுத்துக் குழைத்து, எத்தனை இடியப்பம் வருகிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். 20 வந்தது என்று வைப்போம். அப்படியென்றால் 12 இடியப்பத்தில் 150 கிராம் மா. 100 கிராம் அரிசிமாவில் ஏறத்தாழ 80 கிராம் மாச்சத்து இருக்கிறது, ஆகவே அவர் இரவில் சாப்பிடுவது 120 கிராம் மாச்சத்து. ஒரு கோப்பை சோற்றில் இருப்பது சுமார் 45 கிராம்தான். இரவு ஒன்பது மணிக்கு இரண்டரைக் கோப்பைக்கு மேல் சோறு போட்டுக் கொடுத்தால் அவரே “என்ன இது” என்று கேட்பார். இடியப்பம் மெல்லிசாக, பஞ்சு மாதிரி இருப்பதால் கணக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. போதாததற்கு, அரைத்து, வறுத்து, நூலாகப் பிழிந்த மா முழு அரிசியைவிடக் கெதியாகச் சமிக்கும், சீனியும் கெதியாக ஏறும்.

சிவப்பு மாவுக்கு மாறினால் சரியா, குரக்கனுக்கு மாறினால் சரியா என்று அடுத்து கேட்பீர்கள். மாறுங்கள், நார்ச்சத்து கொஞ்சம் கூடும், குரக்கனில் கல்சியமும் நிறைய. ஆனால் குரக்கனும் மாதான். குரக்கன் புட்டு என்ற பெயரில் இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

எத்தனை சாப்பிடலாம்? மேலே சொன்ன அளவில் 5. அதோடு நிறுத்தினால் பசிக்கும் என்பார், பசிக்கத்தான் செய்யும். அந்த இடத்தை வேறொன்றால் நிரப்ப வேண்டும். தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ கடலையோ, மிச்சக் கால்வாசிதான் இடியப்பம். முடிந்தால் மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டு இடியப்பத்துக்குக் கடைசியில் வரச் சொல்லுங்கள். வயிற்றுக்குள் அதே சாமான்தான் போகிறது, ஆனால் அந்த வரிசையில் போனால் சீனி ஏறும் வேகம் குறைகிறது.

இடியப்பத்தோடு வருகிற சொதியையும் சம்பலையும் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. எண்ணெயை நிறுத்திவிட்டேன் என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் தேங்காய் நிற்பதில்லை. எண்ணெயானாலும் தேங்காய்ப்பாலானாலும் கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற வகை, அவருடைய கொலஸ்ரோலுக்கு அது நல்லதல்ல. அதற்காகச் சொதியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொதி இல்லாத இடியப்பத்தை நானும் சாப்பிட மாட்டேன். முதற்பாலை விட்டு இரண்டாம் பாலில் வையுங்கள், தக்காளியையும் வெங்காயத்தையும் கூட்டிப் போடுங்கள். சம்பல் ஒரு மேசைக்கரண்டி போதும். கொஞ்சம் கொழுப்பு இருப்பதில் நன்மையும் உண்டு. கரட்டிலும் பூசணியிலும் கீரையிலும் இருக்கிற விற்றமின் ஏயின் மூலச்சத்து கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஒரு சொட்டுக்கூட இல்லாமல் அவித்த கரட்டை மகளுக்குக் கொடுத்தால், அதில் நல்லது பாதி வீணாகிறது.

இனி ருசிக்கு வருவோம். மகள் சொன்னது உண்மை. பல வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் நான், அந்தச் சாப்பாட்டின் மணம் எனக்குத் தெரியும். 25 நிமிடம் ஆவியில் கிடந்த ப்ரோக்கோலியும் அதே மணம்தான் மணக்கும்.

ஆவி மெதுவான சூடு என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்கிற தண்ணீரும் அதிலிருந்து வருகிற ஆவியும் 100 பாகைதான், ஆனால் ஆவி மரக்கறியில் பட்டுத் தண்ணீராக மாறும்போது உள்ளே அடக்கி வைத்திருந்த சூட்டையும் சேர்த்துக் கொட்டுகிறது. பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவைப்படும் சூட்டைப்போல ஐந்து மடங்குக்கும் கூட அது. அதனால்தான் கொதிதண்ணீர் கையில் பட்டதைவிட ஆவி அடித்த காயம் மோசமாக இருக்கிறது. மகள் பக்கத்தில் நின்றால் மூடியின் பின்பக்கத்தை முதலில் தூக்கி, ஆவி உங்களுக்கு எதிர்ப்பக்கம் போகத் திறவுங்கள். அதே காரணத்தால்தான் மெல்லிய மரக்கறிக்கு ஆவியில் சில நிமிடங்களே போதும்.

ப்ரோக்கோலிக்கு 5 நிமிடம், போஞ்சிக்கும் பயிற்றங்காய்க்கும் 6 அல்லது 7, வட்டமாக வெட்டிய கரட்டுக்கு 8, பூசணிக்கு 10. கோவாவும் கீரையும் 3, 4 நிமிடத்தில் சரி. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி அடிக்கத் தொடங்கிய பிறகு தட்டை வைத்து, அதிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். பச்சைக் காய்கறிக்கு நடுவில் ஒருதடவை மூடியைத் திறந்து மூடினால் நிறம் நிற்கும். காயிலிருந்து கிளம்புகிற புளிப்பு ஆவி மூடிக்குள்ளேயே சுற்றினால்தான் பச்சை மங்கிச் சாம்பல் பச்சையாகிறது. ஆவியில் அவிப்பதன் பெரிய இலாபமே விற்றமின் சீயும் பி வகை விற்றமின்களும் தண்ணீரோடு கரைந்து ஓடாமல் காயிலேயே நிற்பதுதான். 25 நிமிடம் வைத்தால் கரைந்து ஓடாததைச் சூடு அழித்துவிடும், பிறகு ஸ்டீமர் வாங்கி என்ன பயன்?

தட்டை நிறைத்து அடைக்கவும் வேண்டாம். நீத்துப்பெட்டியில் மாவை அமுக்கினால் நடுவில் வேகாமல் வெள்ளையாக நிற்குமே, அதேதான் இங்கேயும். ஆவி போக வழி வேண்டும். அப்புறம் மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்: புட்டுக்கும் இட்லிக்கும் செய்வது போல மூடிக்குள் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், மரக்கறி ஊறிப் போகாது. பச்சை மீனோ கோழியோ எப்போதும் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும். மேலே வைத்தால் அதன் தண்ணீர் மரக்கறியில் வடியும். அது ருசிக்கும் கூடாது, வயிற்றுக்கும் கூடாது.

உப்பை அவித்த பிறகு போடுங்கள். முன்னதாகப் போட்ட உப்பு காயிலுள்ள தண்ணீரை இழுத்து வடிந்து போய்விடும், பிறகு உப்பில்லை என்று மேலும் போடுவீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைய. கருவாடு, மாசி, அச்சாறு எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான்.

உங்கள் வீட்டு நாக்கைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவரப்போவது தாளிதம். எண்ணெயை முழுக்க நிறுத்தாமல் கடைசியில் செலவழியுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி சொச்சம்தான். நாலு பேருக்கு அவித்த போஞ்சிக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கருவேப்பிலை, தட்டிய உள்ளி தாளித்து மேலே கொட்டி, ஒரு பிடி தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிரட்டுங்கள். வறையேதான், ஆனால் தாச்சியில் எண்ணெய் குடித்த வறை இல்லை. எண்ணெய் காய்க்குள் இறங்காமல் மேலே நிற்பதால் நாக்குக்கு முதலில் படுவது அதுதான், ஆகவே கொஞ்சம் போட்டாலும் நிறையப் போட்ட மாதிரி இருக்கும். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரத் தேசிக்காய் உதவும். சாப்பிட்ட கையோடு பிளேன் டீ குடித்தால் அதைக் கெடுத்துவிடும், ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கள்.

மீனுக்கு நான் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். விளைமீன், பாரை மாதிரி வெள்ளைச் சதையுள்ள மீனை ஒரு அங்குலத் துண்டாக வெட்டி, மஞ்சள், மிளகு, தேசிக்காய் பூசிப் பத்து நிமிடம் விடுவேன். வாழையிலையில் இஞ்சிச் சீவல், ரம்பைத் துண்டு போட்டு அதன்மேல் மீனை வைத்து, 8 முதல் 10 நிமிடம். சதை முட்கரண்டிக்கு இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. முதலில் வடிகிற கலங்கல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள், மீன் வெடில் அதில்தான் இருக்கிறது. பிறகு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அதே தாளிதம். சூரை, சாளை மாதிரி மணம் கூடிய மீனை ஸ்டீமரில் வைக்காதீர்கள், வீடு முழுக்க நாறும். அவை புளி விட்ட குழம்புக்குத்தான். விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் அவற்றில்தான் கூட. வாழையிலை கிடைக்காவிட்டால் தட்டில் நேரே வையுங்கள், லஞ்ச் ஷீட்டில் சுற்றி மட்டும் அவிக்காதீர்கள். சூடான ஆவிக்குள் வைக்கிற சாமான் இல்லை அது.

கோழியை ஆவியில் அவிப்பதில் எனக்கு உண்மையில் பெரிய விருப்பம் இல்லை. நெஞ்சுப் பகுதி காய்ந்து பஞ்சாகிவிடும், கொஞ்சம் முந்தி எடுத்தால் எலும்போரம் சிவப்பு நிற்கும். தோலை உரித்து, குறைந்த எண்ணெயில் கறியாகவே வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

ப்ரோக்கோலியும் அப்படித்தான். அது நல்ல மரக்கறி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசுக்கு வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கையிலை, பீர்க்கங்காய், பயிற்றங்காய், பூசணி என்று ஒரு பை நிறைய வரும்.

இப்போது மாமி. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த இடம் இது. ஆவியில் அவித்தால் சத்து தண்ணீரோடு போகாது என்றேனே, பொட்டாசியமும் அப்படித்தான் போகாமல் நிற்கிறது. உங்களுக்கும் மகளுக்கும் அது நல்லது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்ன சிறுநீரக நோயாளிக்கு அது நேர்மாறு. இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பையே குழப்பும். அவருடைய பங்கை இன்றிலிருந்து தனியாக எடுங்கள். மரக்கறியைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகு உங்கள் தாளிதத்தில் பிரட்டிக் கொடுங்கள். உருளைக்கிழங்குக்கு இது இன்னும் முக்கியம். அந்தத் தண்ணீரை சூப்புக்கோ சொதிக்கோ எடுக்கக் கூடாது. இளநீர், செவ்விளநீர் வேண்டாம். குரக்கனுக்கும் கிளினிக்கில் கேட்காமல் மாற்றாதீர்கள், அவருக்கு வெள்ளை அரிசிமாவே நல்லதாக இருக்கலாம். மூன்று கிழமையாக ஆவியில் அவித்ததையே சாப்பிட்டிருக்கிறார் என்பதால், அடுத்த கிளினிக் திகதி தூரத்தில் என்றால் காத்திருக்காமல் முன்னதாகவே சொல்லி இரத்தத்தைச் சோதிக்கப் பாருங்கள்.

ஆவிக்குப் போகக் கூடாத இன்னும் இரண்டு சாமான்களையும் சொல்லிவிடுகிறேன். மரவள்ளியில் இயற்கையாகவே சயனைட் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோல் உரித்து, நிறையத் தண்ணீரில் பானையை மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்துவிடத்தான் வேண்டும். ராஜ்மா என்கிற சிவப்பு அவரை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, புதுத் தண்ணீரில் பொங்கப் பொங்கக் குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு மென்மையாகும்வரை வேகவையுங்கள். அரைகுறையாக வெந்தால் வாந்தியும் வயிற்றோட்டமும்தான்.

கணவரின் பகல் சாப்பாட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வீட்டில் ருசி இல்லாதவர் வெளியில் எதைத் தேடுவார் என்பது காலி வீதியில் நடந்து பார்த்தால் தெரியும்: ஒரு கடையில் கொத்து, அடுத்த கடையில் ரோல்ஸ், பொட்டலம் கட்டிய சோறு ஒன்றில் இரண்டு பேருக்கான சோறு. விசாரணை வைக்காமல் இரவு அவித்த மீனையும் வறையையும் கொஞ்சம் கூடச் செய்து, காலையில் ஒரு கோப்பைச் சோற்றோடு கட்டிக் கொடுங்கள்.

118க்கும் 116க்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஆய்வுகூட அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம், அது அனுமதிக்கப்பட்ட அளவுதான். வெறும் வயிற்றில் 126 என்றால் நீரிழிவுக் கணக்கு. உங்கள் கணவர் அதற்கு முந்திய படியில் நிற்கிறார், இறங்கி வர இடமிருக்கிற படி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை இப்போது ஒருதடவை எடுங்கள், சாப்பாட்டை மாற்றி மூன்று மாதத்துக்குப் பிறகு இன்னொருதடவை எடுங்கள். இரண்டையும் டொக்டரிடம் காட்டுங்கள். நடுவில் கிழமைக்கொருதரம் குத்திப் பார்த்து வீட்டில் பஞ்சாயத்து வைக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு கடற்கரைப் பக்கமாக அரை மணித்தியாலம் இரண்டு பேரும் நடந்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக நீத்துப்பெட்டி. மாமியிடம் போய் வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலை கூடுதல் ஈரத்தை வெளியே விட்டுவிடும், ஆகவே புட்டு உதிரியாக வரும், பிளாஸ்டிக் தட்டில் அது வராது. மாவில் பாதிக்குப் பாதி முருங்கையிலை, துருவிய கரட், நறுக்கிய லீக்ஸ் கலந்து, தேங்காய்ப்பூவைக் குறைத்து அவிக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு ஒரு கோப்பை அளவு, பக்கத்தில் மீன். மாமியின் பங்குக்கு இலை போடாமல் வெறும் வெள்ளைப் புட்டு. மகளை மாக்குழைக்க விடுங்கள், குழைத்ததைச் சாப்பிடாமல் எழும்ப மாட்டாள். பானையின் அடியில் கழுவிய சில்லறைக் காசு ஒன்றைப் போட்டுவிட்டால், தண்ணீர் இருக்கும்வரை அது கிடுகிடு என்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றப் போகிறது என்று அர்த்தம். பெட்டி நாள்பட்டு அலுமாரியில் கிடந்திருந்தால் முதலில் ஓலையை முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் மணந்தால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். இல்லையென்றால் சுடுதண்ணீரில் கழுவி, பல்கனியில் ஒரு பகல் வெயிலில் வையுங்கள்.